ஹவ் பொத்தான்

எனக்குப் பயம் கூடப் பிறந்தது. பல்லி கத்தினாலும் பயம், கத்தாமல் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தாலும் பயம். செகந்திராபாத்தில் எங்கள் வீட்டில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டுத்தான் வளர்த்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, என் கண்ணுக்கு இருட்டுகூட வேண்டியதில்லை. பட்டப்பகலில், காலைத் தேநீர் குடித்து முடித்த கையோடு, ஒரு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து நான் நடுங்கியிருக்கிறேன். அந்தத் திரையில் பயமுறுத்தும்படி எதுவுமே இல்லை. ஒரு படம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மட்டும் போட்டிருந்தது.

எண்பதுகளின் பின்பாதி அது. ஹைதராபாத்துக்கு வெளியே இருந்த ஓர் அரசுத் தொழிற்சாலையில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். எனக்கு வரைபடப் பிரிவு. டிசைன்காரர்கள் போட்டுத்தரும் படங்களை அமோனியா இயந்திரத்தில் பிரதி எடுத்து, ஷாப்புகள் என்று நாங்கள் சொல்லும் பட்டறைகளுக்குக் கொடுப்பது என் வேலை. வெங்காயம் உரிக்காமலே நாள் முழுக்கக் கண்ணீர் வரும். அவர் பெரிய ஷாப்பில் கலாசிகளை மேய்க்கும் சார்ஜ்மேன். கிரேன் கொக்கியில் இரும்புக் கயிறு மாட்டிப் பளுவைத் தூக்கி இறக்குகிறவர்களைத்தான் கலாசி என்பார்கள். யானை கனமுள்ள இரும்பு தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது, கீழே நின்று விரலை அசைத்து அதை நடத்துகிற வேலை அவருக்கு. எனக்குப் போய் இப்படி ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டிவைத்தார்களே என்று கல்யாணமான புதிதில் நான் அழுததுண்டு.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. ஷாப்பில் படத்தை வெறும் காகிதமாக வைத்திருந்தால் எண்ணெய் பட்டு ஒரே வாரத்தில் நைந்துவிடும். அதனால் பலகையில் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசி, தூணில் மாட்டிவிடுவார்கள். டிசைன் மாறினால் அந்தப் பலகையோடு எங்கள் ஜன்னலுக்கு வரவேண்டும். பழைய படத்தை அவர்கள் கண் முன்னாலேயே உரித்துக் கிழித்துப் போட்ட பிறகுதான் புதியதைக் கொடுப்போம். தெருவில் பழைய துணி போட்டால்தானே பாத்திரக்காரன் பாத்திரம் கொடுப்பான்? அதே வியாபாரம்தான். வேகாத வெயிலில் சைக்கிளில் பலகையைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்னை ராட்சசி என்று திட்டுவார்கள். பயந்தாங்கொள்ளியாகவே வளர்ந்தவளுக்கு அந்தப் பட்டம் பிடித்துத்தான் இருந்தது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. டிசைன் பிரிவில் ஒன்று, எங்களிடம் ஒன்று, ஒவ்வொரு ஷாப்பின் கண்ணாடி அறையிலும் ஒன்று என்று திரைகள் முளைத்தன. அதை நான் குறை சொல்லவே மாட்டேன், சொன்னால் நாக்கு அழுகிப்போகும். முன்பெல்லாம் ஒரு படத்தைத் தேடினால் பீரோ பீரோவாகக் குனிந்து நிமிர்ந்து அரை நாள் போகும். கடைசியில் அது யாரோ ஒரு பொறியாளரின் மேஜைக்கண்ணாடிக்கு அடியில் சாமி படத்தோடு கிடக்கும். இப்போது எண்ணைத் தட்டினால் எது கடைசித் திருத்தம், யார் செய்தது, எந்த ஷாப்புக்குப் போனது என்று எல்லாம் வந்தது. படத்தின் எண்ணுக்குக் கீழே ஷாப்காரர் 'இங்கே ஸ்பேனர் நுழையவில்லை' என்று எழுதலாம், டிசைன்காரர் மறுநாளே பதில் போடலாம். அதுவரை அந்த இரண்டு கூட்டமும் சண்டை போடுவதற்கு மட்டும்தான் பேசிக்கொண்டது. என் முழங்கால் வலி பாதி குறைந்தது. அந்தப் பெட்டிக்கு நான் மனதாரக் கும்பிடு போட்டேன்.

ஆனால் அதோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இனிப் பழைய படத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை, திரையில் எது கடைசியோ அதுவே செல்லும், புதிய காகிதத்தை மட்டும் எங்கள் ஜன்னலில் வாங்கிக்கொண்டால் போதும் என்று. சரிதான். ஆனால் திரை இருப்பது கண்ணாடி அறைக்குள், பலகை தொங்குவது வெளியே தூணில். திரையில் மாறியது தூணுக்கு எப்படித் தெரியும்? இதைக் கேட்டதற்கு எங்கள் அதிகாரி சிரித்தார். சின்ன வயசு, நல்ல மனிதர், கம்ப்யூட்டர் பயிற்சிக்கு வெளியூர் போய்வந்தவர். "அம்மா, நீங்க ஜன்னலை விட்டு வெளியே வாங்க" என்றார்.

புதிய படம் ஒன்று வந்தால் ஷாப்பின் திரையில் ஒரு கேள்வி வரும்: பெற்றுக்கொண்டீர்களா? ஆமாம் என்பதற்கு ஓர் எழுத்தைத் தட்டவேண்டும். எங்கள் ஊரில் தெலுங்கரோ தமிழரோ உருதுக்காரரோ, தலையை ஆட்டி எல்லாரும் சொல்வது 'ஹவ்'தான். அதனால் அந்த எழுத்துக்கு ஹவ் பொத்தான் என்றே பெயர் வந்துவிட்டது. சனிக்கிழமைக்குள் ஹவ் போடாதவர்களின் பெயர்கள் அச்சாகி அதிகாரியின் அறை வாசலில் தொங்கும். அரசு வேலைக்காரன் எதையும் தாங்குவான், தன் பெயர் சுவரில் தொங்குவதைத் தாங்கமாட்டான். அதனால் சனிக்கிழமை சாப்பாட்டு மணிக்கு முன்னால் எல்லா ஷாப்பிலும் வரிசையாக நின்று ஹவ், ஹவ், ஹவ் என்று தட்டிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரரும்தான்.

"வரிசையா கேட்டுச்சு, எல்லாத்துக்கும் ஹவ் போட்டுட்டேன். பேப்பரைப் பின்னால வாங்கிக்கலாம்" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

"பேப்பர் கைக்கு வராமலே வந்துச்சுன்னு சொல்லலாமாங்க?" என்றேன்.

"அயே, நீ கம்ப்யூட்டருக்கும் பயப்பட ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

ஆரம்பித்துவிட்டேன் என்பதுதான் உண்மை. ஆனால் எதைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று எனக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை.

திரையைப் பார்த்து நான் நடுங்கிய அந்த நாள் காலை கம்பெனி பஸ்ஸில் அவர், இன்றைக்குத் தேநீருக்குப் பிறகு பெரிய உறையைத் தூக்கப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஓர் இயந்திரத்தின் வெளி உறை அது, சிறிய வீடு அளவு இருக்கும். வழக்கம்போல அவருக்காக ஜெபம் செய்துவிட்டு இறங்கிப் போனேன்.

தேநீர் முடிந்து உட்கார்ந்தபோது பக்கத்து மேஜைத் தோழி, யாரும் வாங்க வராத படங்கள் கிடக்கும் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். எல்லாம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் இருக்கிறது, ஆகவே இவை கூடுதல் பிரதிகளாகத்தான் இருக்கும் என்று கிழிக்க அடுக்கினாள். மேலே இருந்ததைப் பார்த்தேன். உறையைத் தூக்குவதற்கான படம். புதிய திருத்தம். எடுத்துப் பார்த்தேன். உறையின் ஒரு பக்கத்தில் கனமான ஓர் இணைப்பு புதிதாகச் சேர்ந்திருந்தது. அதனால் கயிறு மாட்டும் இடங்களை அந்தப் பக்கமாகத் தள்ளிப் போட்டிருந்தார்கள். பழையபடி மாட்டினால் கனத்த பக்கம் சாயும், கயிறு வழுக்கும்.

திரையில் எண்ணைத் தட்டினேன். பெரிய ஷாப், பெற்றுக்கொண்டது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரரின் பணி எண்.

பெற்றுக்கொண்டது என்று திரை சொல்கிறது, பெறவேண்டிய காகிதமோ என் கையில் இருக்கிறது. அப்படியானால் தூணில் தொங்குவது பழைய படம்தான். அதைப் பார்த்துத்தான் கயிறு மாட்டுவார். அதற்குக் கீழேதான் நிற்பார்.

ஷாப்புக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பளு தூக்கும்போது எல்லாரும் வேடிக்கை பார்க்கப் போய்விடுவார்கள். அதிகாரியிடம் ஓடினேன். அவர் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்க்காமல் தன் மேஜைத் திரையில் தட்டிப் பார்த்தார்.

"ரிசீவ்டுனுதானே இருக்கு. எதுக்கு டென்ஷன் ஆகறீங்க?"

"சார், ரிசீவ் ஆன பேப்பர் இதோ என் கையில இருக்கு."

"அது எக்ஸ்ட்ரா காப்பியா இருக்கும் அம்மா. போன் ட்ரை பண்ணுங்க."

அந்த நல்ல மனிதரை ஓங்கி அறையலாமா என்று தோன்றியது. அறைய நேரமில்லை. ஷாப்புக்குள் போகச் சீட்டு வாங்கவேண்டும் என்பது விதி. "பாஸ் நை, நக்கோ ஜாவ்" என்றாள் தோழி, சீட்டில்லாமல் போகாதே என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு ஓடினேன்.

எங்கள் கட்டடத்துக்கும் ஷாப்புக்கும் நடுவில் பெரிய மைதானம், வெறும் வெயில். பாதி வழியில் கிரேன் மணி கேட்டது. பளு தரையை விட்டுக் கிளம்பும்போது அடிக்கிற மணி. கர்த்தரே, கர்த்தரே என்பதைத் தவிர வாயில் வேறு வரவில்லை. நடுவே மனசு, இன்றைக்கு டிபன் பாக்ஸில் அவருக்குப் பிடிக்காத பாகற்காயை வைத்துவிட்டேனே என்று அழுதது. உயிர் போகிற நேரத்தில் இப்படியுமா யோசிக்கும் என்று இன்றுவரை எனக்கு வெட்கம்தான்.

உள்ளே நுழைந்தபோது உறை ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. தூணில் பழைய பலகை, வார்னிஷ் பளபளக்க. உறைக்குப் பக்கத்தில் அவர், மேலே பார்த்தபடி, வலது கையைத் தூக்கி விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மஞ்சள் தொப்பி, நான் தைத்துக்கொடுத்த சட்டை.

கத்தினேன். அந்த இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கிரேன்காரர் உயரத்தில் உட்கார்ந்து சார்ஜ்மேனின் கையை மட்டும்தான் பார்ப்பார். வேறு யார் என்ன சைகை காட்டினாலும் அவருக்கு அது செல்லாது. நிறுத்து என்பது மட்டும் விலக்கு. நிறுத்தச் சொல்லி யார் கையை விரித்தாலும் நிறுத்தியாக வேண்டும். இதைச் சொல்லும் பாதுகாப்புப் படத்தை எங்கள் இயந்திரத்தில் நானே கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்திருக்கிறேன். நேரே போய், கிரேன்காரரின் கண்ணில் படுகிற இடத்தில் நின்று, இரண்டு கைகளையும் சிலுவைபோல விரித்தேன். ஒரு கையில் படம்.

கிரேன் நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். அவர் முகத்தில் எரிச்சல் வந்தது, ஷாப்புக்குள் பெண்டாட்டி வந்து மானத்தை வாங்குகிறாளே என்று. வந்து காகிதத்தைப் பிடுங்கினார். பார்த்தார். திரும்பி உறையைப் பார்த்தார். கனத்த பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. இத்தனை பேர் பார்த்திருந்தும், படத்தில் இருப்பதுபோலத்தானே மாட்டியிருக்கிறோம் என்று எல்லாரும் சும்மா இருந்துவிட்டார்கள். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அந்த மனிதர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் தள்ளிப் போங்க" என்றார். தெலுங்கிலும் உருதுவிலும் சொன்னார். என்னைப் பார்த்து, "நீயும் போ" என்றார்.

"நீங்க?"

"எறக்கணும்ல. யாராவது கை காட்டணும்."

தூணை ஒட்டி நின்று பார்த்தேன். அவர் ஒருவர் மட்டும் அங்கே. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெல்ல மெல்ல அசைத்தார். உறை இறங்கியது. முழங்கால் உயரம் வந்தபோது ஒரு கயிறு கீச்சென்று வழுக்கியது. கண்ணை மூடிவிட்டேன். தரை அதிர்ந்தது. கண்ணைத் திறக்கத் தைரியம் வரவில்லை. யாரோ என் தோளைத் தொட்டார்கள். அவர்தான். கீழே போட்டிருந்த கட்டை பிளந்திருந்தது, வேறொன்றும் ஆகவில்லை.

"இன்னாத்துக்கு இப்படி நடுங்கறே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஹவ் போட்டது நான்தான்" என்றார்.

விசாரணை நடந்தது. அதிகாரி நிஜமாகவே வருத்தப்பட்டார், கம்ப்யூட்டர்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அடுத்த மாதம் திரை இரண்டாவது கேள்வியும் கேட்க ஆரம்பித்தது: நிச்சயமாகப் பெற்றுக்கொண்டீர்களா? எல்லாரும் இரண்டு தடவை ஹவ் போட்டார்கள். என் திரையில் அந்தச் சொல் வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். அதில் எது உண்மை, எது சனிக்கிழமை ஹவ் என்று தெரியாமல் நான் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெறும்வரை அந்தத் திரையை நிம்மதியாகப் பார்த்ததில்லை. அவர் மட்டும் யாரும் சொல்லாமலே பழைய பலகைகளைக் கழற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வர ஆரம்பித்தார். நான் உரித்துக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதைக் கொடுத்தேன்.

அந்தச் சம்பவத்துக்குச் சில நாள் கழித்து ஒரு காலை, கம்பெனி பஸ்ஸுக்குத் தெருமுனை வரை வந்துவிட்டோம். "வீட்டைப் பூட்டியாச்சாங்க?" என்று கேட்டேன்.

"ஆச்சு."

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற கேள்வி, வருகிற பதில். அன்றைக்கு அது போதவில்லை. திரும்பி நடந்தேன். முன்பென்றால் தெருவே கேட்கிற மாதிரி கேலி செய்திருப்பார். இப்போது என் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு நின்றார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நான் வருவதற்குள் பஸ் வந்து போய்விட்டிருந்தது.

"பூட்டித்தான் இருக்குது" என்றேன்.

அவர் பையை என் கையில் கொடுத்துவிட்டு, தானும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.