வெளியில் இருபத்தாறு பாகை

கிரெய்கிபர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஹீற்றருக்குப் புத்தி அதிகம். அதுவே எங்களுக்கு வினையானது. பின்சுவரில் இருந்த சென்சர் வெளிக்குளிரை அளந்து சொல்ல, அது அதற்கேற்ப வீட்டைச் சூடாக்கும். அந்த யூன் மாதம், இங்கே குளிர்காலம், பின்னேரமானால் ஹீற்றர் தானாக நின்றுவிடத் தொடங்கியது. தம்பிக்கு அப்போது ஒரு வயது. வீடு குளிர்ந்தால் அவனுக்கு இழுப்பு வந்துவிடும். இரண்டு தடவை ஆம்புலன்ஸில் போய் வந்துவிட்டான்.

அப்பா ஊரில் மின்சார வேலை பார்த்தவர்; இங்கே கோழித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். சென்சர்தான் பழுது என்று அடித்துச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி, ஐஸ் தண்ணீருக்குள் விட்டு, மீற்றரால் அளந்தார். கோப்பையைப் பிடித்திருந்த என் விரல்கள் விறைத்துப்போயின. பழுதென்றால் புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டினால் போதும். அது பழுதாக இருக்கவேண்டுமென்று அவர் நேர்த்தி வைக்காத குறை. மீற்றரில் வந்த எண்ணோ ஹீற்றர் கையேட்டில் இருந்த அட்டவணையோடு அச்சொட்டாகப் பொருந்தியது.

அதைத் திரும்பப் பூட்டிவிட்டு, ஹோலில் இருந்த ஹீற்றரின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னேரம் வெளிவெப்பம் ஏழு பாகை, பதினைந்து, இருபத்தாறு என்று ஏறியது. ஹீற்றர் நின்றது. நாங்கள் வெளியே ஓடினோம். அம்மா குளிர்ச்சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு, காஸ் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அடுப்புக்கு நேர் மேலே சென்சர்.

அடுப்பு வெளியே போனதற்குக் காரணம் ஒரு கடிதம். சுவரெல்லாம் கறி மணம், இனியும் மணம் வந்தால் வீட்டைத் தொடர்ந்து தரமுடியாது என்று ஏஜென்ட் எழுதியிருந்தார். மழை படாமல் கூரை நீண்டிருந்தது அந்தச் சுவரில் மட்டும்தான். தற்காலிக விசாவோடு வேறு வீடு தேடுவது குதிரைக்கொம்பு.

"உந்தச் சென்சரை அங்கால மாத்திப் பூட்டுங்கோவன்" என்றார் அம்மா.

"ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் ஏஜென்ட் ஆக்களைக் கேக்கோணும். கேட்டா, ஏனெண்டு வந்து பாப்பினம், அடுப்பையும் காண்பினம்" என்றார் அப்பா.

பிறகு படியில் குந்தியிருந்து அழுதார். ஐஸில் கை வைத்ததால் நோகிறது என்று நான் நினைத்தேன். அம்மா அடுப்பை அணைத்தார்.

"இனிச் சமைக்கேல்ல, விடுங்கோ."

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்களுக்குப் பாணும் ஜாமும்தான். தம்பியின் இழுப்பு குறைந்தது. வகுப்புப் பிள்ளைகள் சாப்பிடுவதையே வீட்டிலும் சாப்பிடுகிறேன் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

"எந்தநாளும் இப்பிடியே இருப்பமா அம்மா?" என்று ஆசையோடு கேட்டேன். பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு இன்னுமொரு துண்டு தர ஏன் அவ்வளவு நேரம் எடுத்தார் என்று அன்று விளங்கவில்லை.