கதவுக்குப் பின்னால் கேபிள்

லாஸ்பேட்டை உதிரிபாகக் கடையில் என் ஸ்கூட்டருக்குப் புது பிரேக் கேபிளைக் கவரிலிருந்து உருவினார் கடைக்காரர். கிரீஸ் வாசனை வந்ததுமே நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

அப்பா பெரிய மார்க்கெட் வாசலில் ஆட்டோ ஓட்டினார். அறுந்த கிளட்ச் கேபிளை எறியவே மாட்டார். உள்கம்பியை உருவித் துணிக்கொடி கட்டுவார். கறுப்பு உறை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அது எனக்கும் அம்மாவுக்கும். காலில் தடிப்புத் தெரியாமல் பாவாடையை இழுத்து இழுத்தே பள்ளிக்கூடம் போனேன். ஏழாவதோடு படிப்பையும் விட்டேன்.

ஒருநாள் அம்மா அந்த உறையைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

"எங்கடி அது?"

"தூக்கிப் போட்டுட்டேன். இன்னிக்கு எதால அடிப்ப, பாப்போம்."

அப்பா வெளியே போய், வண்டியில் நன்றாக இருந்த கேபிளையே கழற்றிக்கொண்டு வந்து அடித்தார். காலையில் சவாரிக்குப் போக வண்டியில் கிளட்ச் இல்லை. வீங்கிய கன்னத்தோடு அம்மா கேட்டாள்: "என் முதுகுல கியர் போட்டு ஓட்டேன்யா!" தெருவே சிரித்தது. அதற்கும் சேர்த்து அடி விழுந்தது.

"கேபிள் வியாபாரமே படுத்துடுச்சுக்கா," என்றார் கடைக்காரர். "கரண்டு வண்டியில கிளட்ச்சும் இல்ல, ஆக்சிலேட்டர் கேபிளும் இல்ல."

"படுக்கட்டும்."

அவர் முறைத்தார். "உங்க வண்டியில கழட்டின பழசைச் சுத்தித் தரவா? கொடி கட்டலாம்."

"வேணாம். வெட்டுங்க."

துண்டு துண்டாக வெட்டி முடிக்கும்வரை நான் கடையைவிட்டு நகரவில்லை.