கோட்டுக்கு அந்தப் பக்கம் துணி காயவில்லை

மலாயாவில் இந்தத் தைப்பிங் ஊரில் மழையை யாரும் பார்ப்பதில்லை. பிற்பகலானால் மலைப்பக்கம் கறுக்கும். சற்று நேரத்தில் கொட்டும். கடைக்காரர் தராசை விட்டுத் தலையைத் தூக்கமாட்டார். சைக்கிளில் போகிறவர் இறங்கமாட்டார். நான் மட்டும் கைவேலையை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன். இந்த ஊருக்கு வந்து தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இந்தப் பழக்கம் போகவில்லை. அடுத்த வீட்டுச் சீனத்து அம்மாள், நான் குடையில்லாமல் தவிப்பதாக நினைத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு முறையும் உள்ளே போய் எண்ணெய்க் காகிதக் குடையைக் கொண்டுவந்து நீட்டுவாள். மழை பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்ல எனக்குத் தெரிந்த மலாய்ப் பேச்சு போதாது. போதுமென்றாலும் கூச்சம் விடாது. குடையை வாங்கிக்கொண்டு, போகவேண்டிய இடம் ஒன்றும் இல்லாமல், தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து கொடுப்பேன். அவளுக்கு அதில் மிகுந்த திருப்தி. மதுரையில் இதை வாசிப்பவர்களுக்கு என் செய்கை விளங்கும். நம் ஊரில் நாலு துளி விழுந்தால் தல்லாகுளத்துக் கோர்ட்டில் வக்கீல்கள்கூடக் காகிதக் கட்டை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வருவார்கள்.

மழைக்காக இங்கே பந்தாட்டத்தையும் நிறுத்துவதில்லை. மைதானம் முழுக்கப் பச்சைப் புல். அதில் தண்ணீர் தேங்கினால் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். ரயில்வேயில் வேலை செய்யும் இந்தியர்களுக்கென்று ஒரு அணி இருக்கிறது. நான் சரக்குக் கொட்டகையில் மூட்டை எடை போடுகிறவன், ஆடத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை தவறினதில்லை. எங்கள் அணியில் நடுவில் நின்று ஆடியவர், சென்டர் ஹாஃப் என்பார்கள், சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவரைப் பிடித்து வந்தார்கள். பெயர் சோணைமுத்து. பந்தாடுவார் என்ற ஒரே காரணத்துக்காகப் பட்டறையில் வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். வந்த மறுநாள் ஏதோ சாமான் எடை போட என்னிடம் வந்தார். முடிந்ததும் "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இங்கே தஞ்சாவூர்ப் பேச்சு உண்டு, யாழ்ப்பாணத்துப் பேச்சு உண்டு, மலையாளம் கலந்த பேச்சு உண்டு. நம் ஊர் "வாரேண்ணே" காதில் விழுந்து எத்தனையோ காலமாயிருந்தது. நீங்கள் எந்த ஊர் என்று கேட்க வாய் எழவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். நாளைக்கும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கூடுமிடம் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ராவுத்தர் காப்பிக் கடை. புது ஆளைப் பற்றி அங்கே நடந்த வாதம் ஒரு கோர்ட்டு விவகாரத்துக்குக் குறைந்ததல்ல. எஞ்சினில் கரி தள்ளும் ஆறுமுகம் தஞ்சாவூர்க்காரர், குரல் எஞ்சினையே அடக்கிவிடும். அவர் சோணைமுத்துவின் கட்சியாகத்தான் ஆரம்பித்தார். வெறுங்காலில் இரண்டு காலாலும் ஒரே மாதிரி உதைக்கிறான், மேலே வரும் பந்தை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்கிறான், எதிரி மூன்று பேர் சூழ்ந்தாலும் முகத்தில் பதற்றமில்லை என்று அடுக்கினார். டிக்கட் ஆபீஸ் குமாஸ்தா பொன்னையா யாழ்ப்பாணத்துக்காரர், நிதானி. எல்லாம் சரிதான், ஆனால் பந்து தரையில் விழுந்ததும் அது நின்றுவிடும் என்று எண்ணிக் காத்திருக்கிறாரே, அதற்குள் எதிராளிகள் கொண்டு போய்விடுகிறார்களே என்றார் அவர். அதைவிடப் பெரிய குறை ஒன்றும் சொன்னார். பந்தோடு ஓரக்கோட்டை நெருங்கினால் சோணைமுத்து சட்டென்று நடுவுக்குத் திரும்பிவிடுகிறார். ஓரம் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் சரி, திரும்பிவிடுகிறார்.

"அவருக்குக் கோடு எண்டால் பயம் போலக் கிடக்கு" என்றார் பொன்னையா.

ஆறுமுகமும் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. "அதாய்யா எனக்கும் எரிச்சல். கோட்டுக்கிட்ட போனா கடிச்சுடுமா?"

"வந்து இறங்கின ஈரம் காயல, அதுக்குள்ள திருப்பிக் கப்பல் ஏத்திருவீங்க போல" என்றார் ராவுத்தர், காப்பி ஆற்றிக்கொண்டே.

இரண்டு வாரம் இந்தப் பேச்சு முற்றிக்கொண்டே போயிற்று. அணியை நடத்துகிறவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை சீனர் அணியோடு ஆட்டம். அதிலும் இப்படியே ஆடினால் வேறு ஆளைப் போட்டுவிடுவது. பந்தாட்டம் போனால் பட்டறை வேலையும் போகும். காட்டுப் பக்கம் தண்டவாள வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்கள் காய்ச்சலோடு திரும்பி வந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் சுயநலத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் போனால் அந்த "வாரேண்ணே"யும் போய்விடும்.

சோணைமுத்து ஏன் காத்திருக்கிறார், ஏன் திரும்புகிறார் என்பது முதல் ஆட்டத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. வைகையில் தண்ணீர் எத்தனை நாள் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற நாளெல்லாம் அது எங்களுக்கு மைதானம். செல்லூர் ஆட்களும் கோரிப்பாளையத்து ஆட்களும் ஆற்றுக்குள்ளே இறங்கி ஆடுவார்கள். மணலில் விழுந்த பந்து உருளாது. விழுந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும். அதனால் ஓடுவதில் பயனில்லை, விழுமிடம் பார்த்துப் போய் நிற்கவேண்டும். ஓரத்தில் வாய்க்காலாக ஓடுகிற தண்ணீரில் வெளுப்பவர்கள் துவைத்து, மணலில் வரிசையாக விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். ஊரிலுள்ள வேட்டி, புடவை, கோர்ட்டு அங்கி எல்லாம் அங்கே கிடக்கும். அந்தத் துணி வரிசைதான் எங்களுக்கு ஓரக்கோடு. பந்து துணியில் பட்டால் அவர்கள் பந்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். அன்றைய ஆட்டம் அத்தோடு சரி. கூடவே வசவும் அடியும் உண்டு. ஆகவே எவ்வளவு பெரிய சூரனும் ஓரத்துக்குப் பந்தைக் கொண்டுபோகமாட்டான். அதையும் மீறி வரும் பந்தைத் தடுக்க, துணிகளுக்கு முன்னால் ஒருவர் நிற்பார். துணிக்காவல் என்று அதற்குப் பெயர். ஆடத் தெரியாதவனுக்குத்தான் அந்த வேலை கிடைக்கும். செல்லூர் பக்கத்துத் துணிக்காவல் பல வருஷம் நானாகத்தான் இருந்தேன். நான் நின்றவரை ஒரு புடவையிலும் பந்து பட்டதில்லை. என் வாழ்க்கையில் எல்லோர் முன்னாலும் நான் நன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை ராவுத்தர் கடையில் எல்லோரும் ஒரே குரலாக அவர் கதை முடிந்தது என்று பேசினபோது, என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"அவரு கோட்டுக்குப் பயப்படல. அந்தப் பக்கம் துணி காயுதுன்னு திரும்புறாரு."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பேசி அவர்கள் கேட்டதில்லை. காது சூடாக, மேசையைப் பார்த்துக்கொண்டே வைகை மணலையும் துணி வரிசையையும் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். முதலில் ராவுத்தர்தான் சிரித்தார். பிறகு கடையே சிரித்தது. பொன்னையா மட்டும் நம்பவில்லை. கடல் தாண்டி வந்த மனிதனுக்கு இன்னுமா டோபி பயம் என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார். ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு. அவரைக் காப்பாற்றப் போய்க் கேலிக்கு ஆளாக்கிவிட்டேனோ என்று வீடு வரை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் ஆட்டத்திலும் மழை. முதல் பாதியில் சோணைமுத்து வழக்கம்போலவே ஆடினார். கோடு வரை வந்தார், திரும்பினார். எங்கள் பக்கத்துக் கூட்டம் முணுமுணுத்தது. இரண்டாம் பாதியில் மறுபடி பந்தோடு எங்கள் ஓரத்துக்கு வந்தார். முன்னால் ஒருவருமில்லை. திரும்பப் போகிறார் என்பது அவர் தோள் சாய்ந்ததிலேயே தெரிந்தது. அப்போது ஆறுமுகம் எஞ்சின் குரலில் கத்தினார்.

"துணி இல்லய்யா, போ!"

சோணைமுத்து ஒரு கணம் பந்தின் மேல் காலை வைத்து நின்றுவிட்டார். யார் அது என்று எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? நடுத்தெருவில் யாரோ வீட்டுச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிற முகம். அடுத்த கணம் கோட்டை ஒட்டியே ஓடத் தொடங்கினார். வெறுங்கால்கள் தண்ணீரை வாரி இறைத்தன. கோடி வரை போய் அவர் தூக்கிக் கொடுத்த பந்தை எங்கள் ஆள் தலையால் உள்ளே தள்ளினார். ஆட்டம் சமமாகத்தான் முடிந்தது. ஆனால் அவரை அனுப்புகிற பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் அவர் ஈரத்துணியோடு ராவுத்தர் கடைக்கு வந்து, துணி விவரம் சொன்னது யார் என்று கேட்டார். ராவுத்தர் என்னைக் காட்டினார். நான் செல்லூர் என்றேன், துணிக்காவல் என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தானும் செல்லூர்தான், எனக்குப் பின்னால் வந்த ஆட்டக்காரன், கோரிப்பாளையத்தை எதிர்த்து அம்புட்டு ஆட்டம் ஆடியிருப்பதாகச் சொன்னார். தங்கள் காலத்தில் நின்ற துணிக்காவல்காரர் பெயர் மட்டும் நினைவில்லையாம். யாருமே கேட்டு வைத்துக்கொள்ளவில்லையாம்.

"ஏன் திரும்புறேன்னு எனக்கே தெரியாதுண்ணே. கால் அதாத் திரும்புது" என்றார். பிறகு சிரித்தார். "இப்ப ஓரத்துல ஓடப் பழக்கிவிட்டுட்டீங்க. நாளைக்கு ஊருக்குப் போயி நான் துணியில பந்த விட்டேன்னா, அடி வாங்குறது யாருண்ணே?"

நானும் சிரித்தேன். எப்போது ஊருக்குப் போவதாக உத்தேசம் என்று கேட்டேன். அவர் காப்பிக் குவளையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். "போவோம்ணே" என்றார். இங்கே நாங்கள் எல்லோரும் அதை அந்தக் குரலில்தான் சொல்கிறோம்.

இப்போது ஓரத்தில் ஓடுவதற்கு இந்த ஊரில் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். பந்து நிற்குமென்று காத்திருப்பதில்லை. வழுக்குமுன் போய் எடுக்கிறார். பொன்னையாவே மெச்சுகிறார். நானும் கைதட்டுகிறேன். ஆனால் அவர் கோட்டை நெருங்கும்போது, ஒருமுறை திரும்பமாட்டாரா என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. திரும்புவதில்லை.

போன சனிக்கிழமை சீனத்து அம்மாளின் குடையோடு கோட்டோரம் நின்றுகொண்டிருந்தேன். பந்து ஒன்று என்னை நோக்கி வழுக்கி வந்தது. நினைப்பதற்குள் குடையைக் கீழே போட்டுவிட்டு, முழங்காலைச் சேர்த்துக் குனிந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். கொடி பிடிக்கும் மலாய்க்காரர் ஓடிவந்து என்னவோ சொன்னார். எங்கள் அணிக்காக நான் பந்தைப் பிடித்துவைக்கப் பார்ப்பதாக எண்ணினார் போலிருக்கிறது. கொடியால் பின்னே காட்டினார். தள்ளி நிற்க வேண்டுமென்பது விளங்கியது. மழை என் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் காலெடுத்து வைக்குமுன் திரும்பிக் குனிந்து பார்த்தேன். துணி இல்லை, வெறும் புல்தான். ஆனாலும் மிதிக்க மனம் வராமல், ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன்.