மேட்ரனின் இடது கை

என் தங்கை நர்சிங் படித்தவள். படித்தாள் என்றால் படித்தாள், அவ்வளவுதான். ஒரே கட்டிலைச் சுற்றி வகுப்பு மொத்தமும் நின்றால் குள்ளமாகப் பிறந்தவளுக்கு என்ன தெரியும்? முன்னால் நிற்பவளின் கொண்டை தெரியும். "இன்னிக்கு நோயாளியைப் பார்த்தியாடி?" என்று கேட்டால், "கால் வரைக்கும் பார்த்தேன்க்கா" என்பாள். ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டது ஒரு ரப்பர் பொம்மையின் கையில். யார் எத்தனை முறை குத்தினாலும் அது முகம் சுளிக்காது. அவ்வளவு நல்ல குணம் படைத்தவர்கள் எந்த ஆஸ்பத்திரிக்கும் வருவதில்லை.

வேலை கேட்டுப் போன மூன்று இடங்களிலும் ஒரே கேள்வி. அனுபவம் உண்டா? இல்லை. அனுபவத்தோடு வாம்மா. அது எங்கே சார் கிடைக்கும்? வேலை பார்த்தால் கிடைக்கும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் நடக்கும், கல்யாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

நான்காவது அழைப்பு வந்தபோது சித்தப்பா வீட்டுக்கு வந்தார். செல்போன் கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர், அதுதான் பிரச்சினையே. "இதுவும் அமையலைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து கடைக்கு வந்துரட்டும். சும்மா வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறா" என்றார். அப்பா உடனே தலையாட்டிவிட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, எதிரே சுவர் முழுக்கத் தொங்கும் போன் உறைகள். அதில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். துணிக்கடையில் பில் போட 'கொஞ்ச நாளைக்கு' என்று உட்கார்ந்தவள்தானே நான். அவளுக்கு அது வரக்கூடாது என்று எனக்கு வெறியே இருந்தது. அதை அவளிடம் சொல்லத் தெரியாமல் கேலி செய்துகொண்டிருந்தேன்.

நேர்முகத்துக்கு முதல் நாள் மாலை வீட்டில் ஒத்திகை. அப்பா டாக்டராக நாற்காலியில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சில்லறை கேட்கும் குரலிலேயே, "அனுபவம்?" என்றார்.

"இல்லப்பா."

"அப்பா இல்ல, சார். ரெண்டு வருஷம்னு சொல்லு."

"எங்கேன்னு கேட்டா?"

"கேட்டா சிரி" என்றாள் அம்மா. அம்மாவிடம் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து.

என் பங்கும் இருக்க வேண்டாமா? "ரெண்டுன்னா சந்தேகம் வரும். ஒண்ணே முக்கால்னு சொல்லு, நம்பிருவாங்க" என்றேன். தங்கை எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் அவளோடு துணைக்குப் போனேன். நேர்முகம் நடந்த அறைக்குக் கதவு இல்லை, பச்சைத் திரைதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே தும்முவதுகூடக் கேட்கும். கேள்வி கேட்பவர் ஆஸ்பத்திரி முதலாளியான டாக்டர். பக்கத்தில் மேட்ரன், நர்சுகளுக்கெல்லாம் தலைவி. அந்த அம்மாள் ஒவ்வொருத்தியிடமும் தன் இடது கையை நீட்டி ரத்தம் எடுக்கச் சொன்னாள்.

எங்களுக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் அனுபவக் கடல்கள். மூன்று வருஷம், நான்கு வருஷம், ஒருத்தி ஐந்தேகால். அந்தக் கால் வருஷத்தைக் கேட்டதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒவ்வொருத்தி போகும்போதும் உள்ளேயிருந்து "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. பிறகு, "இன்னொரு தடவை பார்க்கறேன் மேடம்." மறுபடி "ஸ்ஸ்." ஐந்தேகால்காரி ஊசியை உள்ளேயே வைத்துத் தேடினாள் போலிருக்கிறது, அவள் முறை முடிவதற்குள் என் பல்லும் கூசியது.

என் தங்கை போனாள்.

"அனுபவம்?" என்றார் டாக்டர்.

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஒண்ணே முக்கால், சொல்லித் தொலை.

"இல்ல சார். பொம்மைக்குத்தான் எடுத்திருக்கேன்."

"பொம்மை என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல சார். ரொம்பப் பொறுமை."

போச்சு என்று நினைத்தேன். போன் உறைகள் கண்முன்னே வரிசையாக ஆடின. மேட்ரன் கையை நீட்டியிருக்க வேண்டும், ரப்பர் பட்டை கட்டும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. "ஸ்ஸ்"கூட இல்லை. கடைசியில் தங்கையின் குரல்.

"மேடம், எனக்கு நரம்பு கிடைக்கல. ஏற்கெனவே வீங்கியிருக்கு. நான் குத்தல."

"அப்போ நீ எதுக்கும்மா வந்தே?" என்று ஆரம்பித்த டாக்டரை மேட்ரன் முடிக்க விடவில்லை.

"இவளை எடுத்துக்கலாம் சார்."

"அனுபவமே இல்லேங்கறா."

"காலைலேர்ந்து அனுபவத்தைத்தான் சார் வாங்கிட்டிருக்கேன். கையைப் பாருங்க."

பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அந்த அம்மாளுக்கு வலி தாங்கவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் பாதி நியாயம் இப்படித்தான் கிடைக்கிறது. ஆனால் டாக்டர் முதலாளியும்கூட, சும்மா விடுவாரா? "குத்தத் தெரியணுமில்ல" என்றார்.

"அதுவும் சரிதான். உன்கூட யார் வந்திருக்கா?" என்றாள் மேட்ரன்.

"எங்கக்கா."

திரை விலகியது. எனக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே உயிர் போகும். இதை அங்கே யாரும் கேட்கவில்லை. என்னை உட்காரவைத்துச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்கள். மேட்ரன் என் தங்கையின் விரல் மேல் தன் விரலை வைத்து, "இங்க தொடு. உருளுதா? அதான்" என்றாள். பிறகு விலகிக்கொண்டாள்.

முதல் குத்து தவறியது. தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழுதால் திங்கட்கிழமை கடைதான்.

"குத்துடி" என்றேன்.

குத்தினாள். சிவப்பாக ஏறியது. ஊசியை உருவிப் பஞ்சை வைத்தாள். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இனிமே யாராவது கேட்டா என்னம்மா சொல்லுவே?" என்றார்.

"ஒருத்தருக்கு எடுத்திருக்கேன் சார்."

"திங்கக்கிழமை வா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி என்று நினைத்திருப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும். துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன். தங்கை பஞ்சோடு சேர்த்து என் கையைக் கீழே இறக்கினாள்.

"மடக்காத. நேரா வெச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் அழுத்திப் பிடி" என்றாள். கெஞ்சலும் இல்லை, பயமும் இல்லை. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

அவள் பிறந்த நாளிலிருந்து அவள் சொல்லி நான் எதையும் செய்ததில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.