வண்டிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

தியாகதுருகம் பக்கத்தில் நாராயணசாமியையும் ராணியம்மாளையும் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய புகழ் ஒன்றுமில்லை. எந்தக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் புருஷன் காரிலும் பெண்டாட்டி பஸ்ஸிலும் போகிற ஒரே குடும்பம் அவர்களுடையதுதான். கிளம்புவது ஒரே வாசல், ஒரே நேரம். அம்மாள் முதல் பந்தியில் சாப்பிட்டு வெற்றிலையும் போட்டு முடித்த பிறகு, ஐயா கையெல்லாம் கரியோடு மண்டபத்துக்குள் நுழைவார்.

கார் என்றால் ஐம்பத்திரண்டாம் வருஷத்து மோரிஸ் மைனர். திருக்கோவிலூரில் ஒரு வயசான டாக்டரிடம் நாராயணசாமி எழுபத்தைந்தில் வாங்கினார். மூன்று ஏக்கர் கரும்பும் இரண்டு ஏக்கர் மரவள்ளியும் வைத்திருக்கிற மனுஷனுக்குக் கார் எதற்கு என்று ஊரே கேட்டது. அவருக்கே பதில் தெரியாது. அந்த உருண்டை மூக்கையும் முட்டை விளக்கையும் பார்த்தார், பிடித்துப் போயிற்று, அவ்வளவுதான். மாட்டுக் கொட்டகையில் பாதியைத் தடுத்து அதற்கு இடம் விட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவரைக் காரின் அடியில்தான் தேட வேண்டும். வெளியே தெரிகிற இரண்டு பாதங்களோடுதான் ராணியம்மாள் குடும்பக் காரியம் பேசுவாள்.

அவள் ஆரம்பத்திலேயே காரை வெறுத்தவள் இல்லை. எழுபத்தாறு தை மாதம் பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு, முன் சீட்டில், கண்ணாடியை இறக்கி விட்டு, ராணி மாதிரிதான் கிளம்பினாள். திருக்கோவிலூருக்கு இரண்டு மைல் இருக்கும்போது கார் கொதித்து நின்றது. அவர் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்க, துருத்தண்ணீர் பீய்ச்சி அடித்துப் பட்டுப்புடவை முழுக்கச் செம்மண் நிறத்தில் புள்ளி. பிறகு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவள் பின்னாலிருந்து தள்ளினாள். சொந்தக்காரர்கள் வந்த பஸ் மெதுவாகக் கடந்து போயிற்று. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். அன்றைக்கு வாய் விட்டுச் சொன்னாள்: "இனிமே இந்தத் தகரத்துல கால் வெச்சா நான் ராணியம்மா இல்ல."

பதினோரு வருஷம் சொன்ன சொல் மாறவில்லை. ஆயுத பூஜைக்கு வீட்டிலுள்ள அரிவாள்மணை, அம்மி, களைக்கொத்தி, மோட்டார் கொட்டகைச் சுவிட்சுப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். கார் நிற்கிற இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவாள். அதற்கு அவரே கோணலாக ஒரு பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் விஷயத்தில் இன்னும் மோசம். அவர்கள் நிலத்துப் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது. அரை மைல் தள்ளிக் கோயில் கிணற்றிலிருந்து சமையலுக்கு இடுப்பில் சுமந்து வருவாள். கார் வந்த புதிதில் ஒரு நாள் அவர் அந்தக் குடத்தை எடுத்து ரேடியேட்டரில் ஊற்றப் போனார். "கைய ஒடிச்சிடுவேன். இது சோத்துத் தண்ணி" என்று பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து காருக்குப் போர்த் தண்ணீர்தான்.

நாராயணசாமியும் லேசுப்பட்டவர் இல்லை. ஒவ்வொரு விசேஷத்துக்கும் காரைத் துடைத்து வாசலில் நிறுத்தி, இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். அவள் திறந்த கதவைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பாள். அவர் கதவைச் சாத்துவார். அடுத்த விசேஷத்துக்கு மறுபடியும் திறப்பார். ஊரில் சிரிக்காத ஆள் இல்லை. ஆனால் அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. தனக்குப் பிடித்த ஒன்றில் தன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுவது அவ்வளவு பெரிய குற்றமா என்று நினைப்பார்.

எண்பத்தேழு செப்டம்பரில் அந்த மறியல் வந்தது. தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்கள் குறுக்கே சாய்ந்து கிடந்தன. ஒரு பஸ் ஓடவில்லை. அங்கங்கே துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்தி வந்தபடி இருந்தது. ஊரில் பாதி ஆண்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள்; மீதிப் பேர் அவர்களுக்குச் சோறு கொண்டு போனார்கள்.

அந்த வாரம்தான் வெள்ளிமலையில் ராணியம்மாளின் தங்கை ஜெயசுதாவின் குழந்தைக்குப் பதினாறாம் நாள் வந்தது. ஜெயசுதா மலைப் பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டியவள். பிரசவத்துக்குக் கூட்டி வருவதற்குள் மாசம் முந்திக் குழந்தை அங்கேயே பிறந்துவிட்டது. பதினாறாம் நாள் தொட்டிலில் போடும்போது அரைஞாண் தாய் வீட்டிலிருந்து போக வேண்டும். தாயும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. தாய் வீடு என்றால் ராணியம்மாள் ஒருத்திதான். வெள்ளி அரைஞாணை முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டு நாள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள்.

"மண் பாதையிலயே சுத்திக்கினு போனா கச்சிராயபாளையம் ரோட்டப் புடிச்சிடலாம். நான் இட்டுக்கினு போறேன் ராணி" என்றார் நாராயணசாமி.

"நான் நடந்தே போறேன்."

"மலை ஏறணும்மே. நாளைக்கு மத்தியானம் தொட்டில்."

அவள் முந்தானை முடிச்சைத் தடவிக்கொண்டு நின்றாள். தொட்டிலைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டார் நிற்க, தன் தங்கை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது அவள் கண்ணில் தெரிந்தது. கடைசியில் சொன்னாள்: "வரேங்க. ஆனா ஒண்ணு. வழியில நின்னு, நான்னாலும் சரி, வேற யாருன்னாலும் சரி, ஒரு கை வெச்சித் தள்ளுற மாதிரி ஆச்சின்னா வண்டிய வித்துப்புடணும். சம்மதமா?"

அந்தக் கார் ஐந்து மைலுக்கு ஒரு முறை கொதிக்கும் என்று நாராயணசாமியைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? இருந்தாலும், அவள் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டாள். "சம்மதம்" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினார்கள். கரும்பு வண்டிப் பாதைகளில் உருட்டி, நிறுத்தி ஆறவைத்து, மறுபடி உருட்டி, எப்படியோ கச்சிராயபாளையம் ரோட்டைத் தொட்டபோது மணி எட்டு. ஒரு வளைவைத் திரும்பினால் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன் மேல் பத்து இருபது பேர். கார் நின்றது. அவர்கள் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது. மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி.

கோடாலியோடு ஒருவர் வந்தார். பெயர் பிச்சைமுத்து என்று பிறகு தெரிந்தது. "இன்னா அண்ணே, மறியல்னு தெரியாதா?"

ராணியம்மாள் இறங்கி முந்தானை முடிச்சை அவிழ்த்து அரைஞாணைக் காட்டினாள். "தங்கச்சி புள்ளைக்குப் பதினாறு, தம்பி. மத்தியானத்துக்குள்ள மலை மேல போயாவணும்."

பிச்சைமுத்து அரைஞாணைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "ஓரமா ஒரு கெளைய வெட்டி வழி வுடுறோங்க்கா. ஆனா வண்டிக்கு உசுரு இருக்குதா? டேய், வாங்கடா, தள்ளி அந்தாண்ட வுடலாம்."

"தொடாதீங்க!" என்று நாராயணசாமி போட்ட சத்தத்தில் வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். "ஒருத்தரும் கை வெக்கக் கூடாது. அதுவா போவும்." காருக்குப் பின்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் ராணியம்மாளைப் பார்த்தார்கள். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

சூடு கொஞ்சம் தணிந்ததும் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ராணியம்மாள் அந்த வண்டியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். ஆசையில் பார்க்கவில்லை, நேரம் போகிறதே என்ற எரிச்சலில்தான் பார்த்தாள்.

"இது இன்னாங்க, வெள்ளையா அப்பிக்கினு இருக்குது?"

"பழைய வண்டி. அப்டித்தான் இருக்கும்."

அவள் விரலை விட்டுச் சுரண்டினாள். நகத்தில் வந்ததை உரசிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத பொருளா அது? வெந்நீர் அண்டாவின் அடியில் மாசாமாசம் அவள் சண்டை போடுவது அதனோடுதான். "உப்பு. இதுல எந்தத் தண்ணி ஊத்துறீங்க?"

"போர்த் தண்ணிதான். நல்ல தண்ணிக் குடத்தத் தொட்டா கைய ஒடிப்பேன்னியே."

ராணியம்மாளின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாய்ந்து கிடந்த மரத்திடம் போனாள். கிளையெல்லாம் பச்சைப் பிஞ்சு. மறியல்காரர்கள் உப்புத் தொட்டு அதைத்தான் கடித்துக்கொண்டிருந்தார்கள். மடி நிறையப் பறித்தாள். "தம்பி, கோடாலிக் கட்டையால இத நசுக்கிக் குடு. அந்தச் சோத்து அடுப்பு கொஞ்ச நேரம் வேணும். தகர டின்னு இருக்குதா?"

மரத்தடியில் மூன்று கல் வைத்துச் சோறாக்கிக்கொண்டிருந்த அடுப்பில் டின் ஏறியது. பிஞ்சும் இளந்தழையும் கொதித்துப் புளிப்பு வாடை ரோடு முழுக்க அடித்தது. "காருக்கு ரசம் வெக்கிறாங்கடோய்!" என்று ஒருவன் கத்த, மூன்று நாளாகச் சிரிக்காதவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் முந்தானையின் ஒரு ஓரத்தாலேயே வடிகட்டினாள். "ஊத்துங்க. இஞ்சின ஓட வுட்டு அப்டியே நிக்க வையுங்க. அண்டாவுல உப்பு எடுக்க அர மணி நேரம் பிடிக்கும். இதுக்கும் அவ்ளோதான்."

நாராயணசாமி மறு பேச்சுப் பேசாமல் ஊற்றினார். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி வண்டியைக் கிளப்பினார். அரை மணி கழித்து ரேடியேட்டரின் அடியிலுள்ள குழாயைத் திறந்தபோது முதலில் ஒன்றும் வரவில்லை. குச்சியால் குத்தியதும் பழுப்பும் வெள்ளையுமாகக் கூழ் கூழாக வந்து விழுந்தது. இன்னொரு டின். இன்னொரு கூழ். மூன்றாவது முறை தண்ணீர் தெளிந்து ஓடியது. பிச்சைமுத்துவே வாய்க்காலுக்குப் போய் கோமுகி அணைத் தண்ணீர் கொண்டு வந்தார்.

"இப்ப வண்டிய எடுங்க" என்றாள் ராணியம்மாள்.

வெட்டிய கிளைக்கும் பள்ளத்துக்கும் நடுவே, ஒரு கை படாமல், கார் தானாகவே அந்தப் பக்கம் போயிற்று. பின்னால் விசில் பறந்தது. அதற்குப் பிறகு மலைப்பாதை. வளைவுக்கு வளைவு அவர் மூச்சைப் பிடித்தார். அவள் பள்ளத்தையும் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. பாதி தூரம் வரைக்கும் முன்மூக்கையே முறைத்துக்கொண்டு வந்தாள். ஆவி வரவில்லை. ஒரே ஒரு தடவை பேசினாள்: "வளைவு. ஹாரன் அடிங்க."

தொட்டிலுக்கு முன்னால் அரை மணி நேரம் மிச்சம் இருக்கும்போது வெள்ளிமலை வந்து சேர்ந்தார்கள். ஜெயசுதா வாசலில்தான் நின்றிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். குழந்தையின் இடுப்பில் ராணியம்மாள் அரைஞாணைக் கட்டினாள். காரை விற்க வேண்டியதில்லை என்பது மட்டும் நாராயணசாமிக்கு உறுதியாயிற்று.

நாலு நாள் கழித்து மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியது. ஊருக்குக் கிளம்பும் காலையில் அவர் காரைத் துடைத்து இடது பக்கக் கதவைத் திறந்து வைத்தார். ராணியம்மாள் வந்தாள். கதவருகே கொஞ்சம் நின்றாள். "பஸ்ஸுதான் வந்துடுச்சேங்க" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாள். நாராயணசாமி கதவைச் சாத்தினார். கார் மலை இறங்கி வீடு வரைக்கும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவள் வந்த பஸ்ஸுக்கு முன்னாலேயே அவர் வந்து சேர்ந்தார். அப்படி வந்து சேர்ந்ததில் அவருக்குத் துளிகூடச் சந்தோஷம் இல்லை.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. ராணியம்மாள் குளித்து முழுகி அரிவாள்மணை, அம்மி, களைக்கொத்தி, சுவிட்சுப் பெட்டி என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்தாள். கொட்டகை வாசல் வரை வந்தாள். காரைத் தாண்டிப் போய்விட்டாள். கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அரை மணி நேரம் காரைத் துடைத்தார், பிறகு தானே குங்குமத்தை எடுத்தார். இந்த வருஷமும் கோணல்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் கொட்டகை வாசலில் அவள் நின்றிருந்தாள். இடுப்பில் குடம். கோயில் கிணற்றிலிருந்து அரை மைல் சுமந்து வந்ததில் ஜாக்கெட்டின் ஒரு பக்கம் நனைந்திருந்தது.

"மூடியத் தொறங்க" என்றாள்.

அவர் விழித்தார்.

"அன்னிக்கு அந்த உப்பப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சிங்க. பதினோரு வருஷம் உங்கள ஊர் சிரிக்க வெச்சது இந்தத் தகரம் இல்ல, நான்தான். எந்த மூஞ்ச வெச்சிக்கினு பக்கத்துல உக்கார்றதுன்னுதான் பஸ் ஏறினேன்."

நாராயணசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. மூடியைத் திறந்தார். அவள் குடத்தைச் சாய்க்கப் போனவள், நிறுத்தி, கோணலாக இருந்த பொட்டைத் தன் விரலால் நேராக்கினாள்.

"புள்ளைக்குக் காது குத்த மறுபடி மலைக்குப் போவணும் இல்ல? இதுலயே போலாம்" என்றவள், குடத்தை அவர் கையில் கொடுத்தாள். "சிந்தாம ஊத்துங்க. சோத்துத் தண்ணி."