புர்னோவில் அரை எட்டு

ரொறன்ரோவிலிருந்து பின்னேரம் புறப்பட்ட விமானம் மறுநாள் காலை பிராக்கில் இறங்கியது. கடிகாரத்தை ஆறு மணித்தியாலம் முன்னே நகர்த்தினேன். புர்னோவுக்கு இருநூறு கிலோமீற்றர், ரயிலில் இரண்டரை மணித்தியாலம். நிலையத்தில் தங்கை சுதா நின்றாள். கனடா விசா கிடைக்காமல் செக் நாட்டுக்குப் படிக்கப் போய், பாவெலை மணந்து அங்கேயே தங்கிவிட்டவள். ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபரோப் பக்கம், அவளைப் "பாவம் சுதா" என்றுதான் சொல்வோம்.

செவ்வாய். காலை ஐந்தேகாலுக்கே பாவெல் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். பதினொன்றரைக்குச் சுதாவின் அலுவலகத்தருகே மதியச் சாப்பாடு: முதலில் சூப், பிறகு இறைச்சி, நூற்று அறுபத்தைந்து கொருனா. மூன்று மணிக்குச் சுதாவும் பாவெலும் வீட்டில். ஆறு மணிக்கு ஒரே மேசையில் பாணும் சீஸும். ஸ்காபரோவில் நான் வேலை முடிந்து வீடு வரும்போது என் கணவர் மாலை வேலைக்குப் போயிருப்பார். மகள் தனியே மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டிருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளி மாலை பாவெல் தனக்குத் தெரிந்த தமிழில், "நாளைக்கு காடு. அரை எட்டு" என்றார். காளான் பொறுக்கப் போவதாம்.

சனி எட்டரைக்கு அறையிலிருந்து வந்தேன். பாவெல் சப்பாத்தும் போட்டுக் கூடையோடு இருந்தார். செக் மொழியில் அரை எட்டு என்றால் ஏழரை. களைப்பில் தூங்குகிறேன் என்று எழுப்பவில்லையாம்.

"காளான் எல்லாத்தையும் மற்றாக்கள் எடுத்திருப்பினம்" என்று சுதா சிரித்தாள்.

"உங்களுக்குத்தான் நேரம் கொட்டிக் கிடக்கே. ஒரு மணித்தியாலம் இருந்தால் என்ன குறைஞ்சு போச்சு?"

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது.

"அக்கா, மூண்டு மணிக்கு வந்து நான் ஆரோடை தமிழிலை கதைக்கிறது? உங்களுக்கு அப்ப காலமை ஒன்பது, வேலையிலை. நீங்கள் போன் எடுக்கேக்கை நான் நித்திரை. அங்கை பஸ்ஸிலை ஏறினாலே தமிழ் கேக்குமாம். எனக்கு மட்டும் வயிறு எரியாதோ?"

பாவெலுக்கு எதுவும் விளங்கவில்லை. "போவம்?" என்றார்.

போனோம். காட்டுக்குள் இருவரும் வாய் ஓயாமல் கதைத்தோம். கிடைத்தது எட்டே எட்டுக் காளான்.

ஆனாலும் அந்த எரிச்சல் திரும்பும் விமானத்தில் என்னோடுதான் வந்தது. திங்கள் வேலைக்குப் போனதும் காலை ஆறு மணி ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கணவருக்கு போன் எடுத்தேன்.

"கிடைச்சால் மூண்டு மணிக்கு வீட்டை நிப்பன். நீங்கள் வெளிக்கிட முதல், நாலு மணிக்கு, மூண்டு பேரும் ஒண்டாய் இராச்சாப்பாடு சாப்பிடலாம்."

"நாலு மணிக்கு ஆராவது இராச்சாப்பாடு சாப்பிடுவினமோ?"

"நாங்கள் சாப்பிடுவம்" என்றேன்.