குழாய் எடுத்த பிறகும் போகாத பயம்

என் வீட்டுக்காரர் ஒன்னுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். முகம் வாடியிருந்தால் எனக்குப் பயம். ஒன்றும் தெரியாவிட்டால் இன்னும் அதிகப் பயம். எதையும் வெளியே காட்டாத ஆள் அவர்.

முதன்முதலில் சிறுநீரில் ரத்தம் வந்தபோது, கரும்பு வெட்டுகிற வெயில், உடம்புச் சூடு என்று சொல்லி வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டிருந்தார் மகராசன். குளிர்காய்ச்சலில் தூக்கிப்போட்ட பிறகுதான் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிறுநீரகத்திலிருந்து கீழே இறங்கும் பாதை அடைத்திருக்கிறது என்று அதற்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்தார்கள். காய்ச்சல் விட்டது. அப்பாடா என்று எங்கள் ஊர் வடக்கனந்தலுக்கு வந்து சேர்ந்தோம். பிறகு பாண்டிச்சேரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, அடைத்திருப்பது கல் இல்லை, புற்றுநோய்க் கட்டி என்றார். இடது சிறுநீரகத்தையும் அந்தப் பாதையையும் குழாயோடு எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டரம்மா சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

“இது மறுபடியும் சிறுநீர்ப்பையில வரலாம்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி குழாய் வச்சிருந்தவங்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்றாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா சுரண்டி எடுத்துடலாம். மூணு மாசத்துக்கு ஒருதடவ கேமரா விட்டுப் பாக்கணும். தள்ளிப்போடாதீங்க.”

“அப்ப அந்தக் குழாய வெச்சதே தப்பாங்க?”

“இல்லம்மா. வைக்கலன்னா அன்னிக்கே சீழ் புடிச்சு உயிருக்கு ஆபத்தாயிருக்கும்.”

காப்பாற்றிய குழாயே இப்படியும் செய்யுமா? யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

முதல் சோதனையில் ஒன்றும் இல்லை. உடனே கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலசாமிக்கு வேண்டுதல்படி கெடா வெட்டினோம். அங்கேதான் வந்தது வினை. அடுத்த சோதனைக்குக் கூப்பிட்டால் மனுஷன் அசையவில்லை.

“சாமிக்கு முடிச்சாச்சு. இனிமே போயி கேமரா வுட்டா, நீ குடுத்தத நம்பலன்னு சாமி மூஞ்சிலயே அடிக்கிற மாதிரிடி.”

“நல்லா இருக்குதே நியாயம்! கெடாவத் தின்னது சாமியா, உங்க பங்காளிங்களா?”

கத்தினேன், அழுதேன். எங்கள் வகையறாவில் நேர்த்திக்கடன் முடித்துவிட்டால் அந்த நோய்க்கு மறுபடி வைத்தியம் பார்க்கக்கூடாது என்ற பேச்சு உண்டு. மாமியார் வீட்டார் எல்லாரும் அவர் பக்கம். கடைசியில் அவரே, “சாமிகிட்ட பூப்போட்டுக் கேட்டுடலாம்” என்றார்.

ஒரு இலையில் வெள்ளை அரளி, இன்னொரு இலையில் சிவப்பு அரளி வைத்துப் பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட வேண்டும். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சிவப்பு வந்தால் போகக்கூடாது. பூப் பறித்ததும் பொட்டலம் கட்டியதும் அவர்தான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாயே, வெள்ளையைக் கொடு, இந்த ஆளை என்னிடம் விட்டுவிடு என்று வேண்டினேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

“பாத்தியா?” என்றார் அவர். சொல்லிக்கொண்டே மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து அவசரமாக மடியில் சொருகப் பார்த்தார். இதற்கு ஏன் இத்தனை அவசரம்? வெடுக்கென்று பிடுங்கிப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

“அடப்பாவி மனுஷா! சாமிகிட்டயே இந்த வேலையா?”

அடிக்க ஓங்கிய கைதான், அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. உதடு துடித்தது அவருக்கு.

“நேத்து காலையிலருந்து மறுபடியும் ரத்தம் வருதுடி. போனா திரும்பவும் இருக்குதுன்னு சொல்லிடுவாங்க. பயமா இருக்குதுடி.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அவர் கையைப் பிடித்துக் கோயிலை விட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்தேன்.

“பயந்துக்கினே வாங்க. நானும் பயந்துக்கினுதான் வரேன்.”